வாப்பாவுக்குக் கட்டிய சீனப் பொட்டலம்

மகனே,

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். லிஃப்டில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையிலும் செருகிவிடாதே. உறையில் போட்டு ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன். உனக்கு முன்னால் உன் வாப்பா கையில் கிடைத்தால் அவரும் படிக்கட்டும், இதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. நாளைச் சாயங்காலம் நீ சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து ஜுபைலில் புது வேலைக்குப் போகிறாய். இப்போது கூட்டாளிகள் கொடுக்கும் விருந்துக்குப் போயிருக்கிறாய். அரபிகளின் மந்திச் சோற்றை இறைச்சியோடு மலையாய்க் குவித்து வைப்பார்கள், நீ ஓரத்தில் அளைந்துகொண்டு சிரித்துக்கொண்டிருப்பாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேரில் சொல்லக் கூடாதா என்பாய். சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ? நான் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சிட்டியளா உம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாய். குற்றம் உன்மேல் மட்டும் இல்லை. இந்த வீட்டில் நான் சந்தேகப்படாத பொருளே கிடையாது. பால் டப்பாவில் தேதி பார்ப்பேன், பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறானா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பேன். அஜ்மான் மீன் மார்க்கெட்டில் நான் வருவதைப் பார்த்தாலே அந்த வங்காளி தானாகவே செவுளைத் தூக்கிக் காட்டுவான். "உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று போன் வந்தபோது, ரீசார்ஜ் கார்டு நம்பரைச் சொல்லப் போன உன் வாப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி நான் கேட்ட கேள்விகளில், அந்த ஆளே சாரி சொல்லி வைத்துவிட்டான். அன்றைக்கு நீங்கள் எனக்கு சி.ஐ.டி. உம்மா என்று பேர் வைத்துச் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. நிஜமாகப் பயப்படவேண்டிய நேரத்தில் அவள் பயத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

காலையில் உன் பெட்டியைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன், அதற்காக வருத்தப்படவும் இல்லை. பெற்றவள் திறக்காவிட்டால் தம்மாமில் கஸ்டம்ஸ்காரன் திறக்கப் போகிறான். புது சேஃப்டி ஷூவுக்குப் பின்னால், உன் சட்டைகளில் சுற்றி வைத்திருந்த பழுப்புக் காகிதப் பொட்டலங்களைப் பார்த்தேன். பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, அந்த நாற்றம் போதும். அவை வாப்பாவின் வயிற்றுக்காகச் சீன டாக்டர் கட்டிக் கொடுத்த மருந்துகள். வாப்பாவின் வயிறு வாப்பாவிடம் இருக்கிறது, அவருடைய மருந்து மட்டும் உன்னோடு சவூதிக்கு ஏன் போகிறது?

அந்தச் சீன மருந்து நம் வீட்டுக்குள் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும், அப்போது நீ டூட்டியும் ஓவர்டைமுமாக அலைந்துகொண்டிருந்தாய். வாப்பாவின் வயிறு பல வருஷமாகவே சரியில்லை. துபாய் தேராவில் துணிக்கடை, அஜ்மானில் வீடு. மத்தியானம் கடையை மூடினால், அந்த டிராஃபிக்கில் வீடு வந்து திரும்ப முடியாது. ஹோட்டல் பரோட்டாவைத் தின்றுவிட்டு, மேலே ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு, துணிக் கட்டுகள் மேலேயே சாய்ந்துவிடுவார். திரும்பவும் சாயங்காலக் கடை. வீட்டுக்கு வந்து சேர்ந்து பசிக்கப் பசிக்கச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கை. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், உப்புசம் எல்லாம் அவரோடு கூடவே குடியிருந்தன. டாக்டர்கள் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிடும் வரை சரியாக இருக்கும், நிறுத்தினால் மறுபடி ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், மருந்துக் கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு சீன டாக்டர் இருக்கிறார், கையைப் பிடித்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று ஆசை காட்டிவிட்டார்.

"கையப் புடிச்சி வயித்தச் சொல்ற டாக்டரா? அப்ப நானும் வர்றேன்" என்று கிளம்பினேன். வைத்தியத்துக்குத் துணையாகப் போகவில்லை மகனே, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். மெட்ரோவுக்காகத் தேரா முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், புழுதியைத் தாண்டி மாடி ஏறினோம். உள்ளே மெஷின் ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு பொம்மை நின்றது. மேசைமேல் ஒரு குட்டித் தலையணை. வாப்பாவின் கையை அதன்மேல் வைத்து, மூன்று விரலை மணிக்கட்டில் ஊன்றிக்கொண்டு டாக்டர் கண்ணை மூடிவிட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். அவருக்குச் சீன பாஷை தவிர வேறெதுவும் வராது. பக்கத்தில் தலைமுக்காடு போட்ட ஒரு சீனப் பெண், மர்யம் என்று பேராம், அரபியும் உடைந்த ஹிந்தியும் கலந்து மொழிபெயர்த்தாள்.

அவர் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் சூடாகக் குடிக்கிறீரா, குளிராகவா? கை கால் ஜில்லென்று இருக்குமா? வயிற்றை அமுக்கினால் சுகமா, வலியா? பிறகு கக்கூஸுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். "பாபா, டாய்லெட் கலர் கியா? காலா?" என்று அந்தப் பெண் கூச்சமே இல்லாமல் கேட்டது. கறுப்பாகப் போகிறதா என்று அர்த்தம். வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நஹி நஹி" என்று கையை ஆட்டினார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, கறுப்பாகப் போனால் என்ன என்று கேட்டேன். டாக்டர் வாசலைக் கைகாட்டினார். "காலா ஹோகா தோ இதர் நஹி. ஹாஸ்பிடல்" என்றாள் மர்யம். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிக் கறுப்பாக, தார் மாதிரி போகுமாம், அப்படிப்பட்டவர்கள் இங்கே வரக்கூடாதாம். நான் வாப்பாவிடம் தமிழில், "நல்லா இரிக்கிறவனுக்குத்தான் இவர் வைத்தியம் பாப்பார் போல" என்றேன். அவர் என் காலை மிதித்தார்.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேப்பரை விரித்துக் கொட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதிமதுரம் தெரிந்தது, சுக்கு தெரிந்தது, ஆரஞ்சுத் தோல் தெரிந்தது. இதற்கா துபாய் வரை போகவேண்டும் என்று நினைக்கும்போதே, மஞ்சளாய்ச் சுருங்கிய ஏதோ ஒன்று கையில் பட்டது. பார்த்த பொருள் மாதிரி இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோழி இரைப்பையைக் கழுவும்போது உள்பக்கத்திலிருந்து உரித்துக் குப்பையில் போடுவேனே, அதே தோல்! காயவைத்து மருந்தென்று கட்டியிருக்கிறார்கள். கோழி எந்த நாட்டுக் கோழி, யார் அறுத்தது, பிஸ்மி சொன்னார்களா? மறுநாளே அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மர்யம் முன்னால் வைத்தேன். "ஹலால், ஹலால்" என்றாள். நான் அவள் முக்காட்டையே பார்த்தேன். மர்யம் என்று பேர் வைத்துக்கொண்டால் ஆயிற்றா? சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, அல்ஹம்து சூரா தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடி ஓதினாள். மகனே, உன் ஓதலும் என் ஓதலும் அதற்குப் பக்கத்தில் வரமுடியாது. ஓதி முடித்துவிட்டு, இப்போது நீங்கள் ஓதுங்கள் என்றாள். ஓதினேன். ஒரு எழுத்தை நான் உச்சரித்தது தப்பு என்று திருத்தினாள்! அடுத்தவரைச் சோதிக்கப் போனால் நம்மையும் சோதிப்பார்கள், அதற்கும் தயாராகப் போகவேண்டும். இதை நீயும் மனதில் வைத்துக்கொள்.

இருந்தாலும் அந்தத் தோல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துப் போட்டார். அது இல்லாமலே வாப்பாவுக்குக் குணம் தெரிந்தது. அப்படியென்றால் முதலில் எதற்காக அதைச் சேர்த்தார் என்று இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கஷாயம் கொதிக்கும்போது கிளம்பும் வாடைக்கு நம் மாடியே மூக்கைப் பிடித்தது. எதிர் ஃபிளாட்டு மலையாளி அக்கா கதவைத் தட்டி, "சேச்சி, டிரெயினேஜ் அடச்சோ?" என்று கேட்டாள். வாப்பா மட்டும் தேன் குடிப்பதுபோல் குடித்தார். ஏப்பம் குறைந்தது, எரிச்சல் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் இல்லாமலா போகும்? சந்தோஷம்தான். ஆனால் ஐஸ் தண்ணீர் கூடாது, கடையிலேயே சூடாகக் கஞ்சி குடிக்கவேண்டும், சாப்பிட்டதும் சாயக்கூடாது, ராத்திரி வயிறு முட்டத் தின்னக்கூடாது என்றும் அந்த டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன்! என் பேச்சுக்கு மண்டையை ஆட்டிவிட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தவர், சீனாக்காரர் சொன்னதும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போனார். குணம் மருந்தாலா, வெந்நீராலா என்று மர்யமிடம் கேட்கச் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "தோனோ" என்றாள் அவள். இரண்டுமாம். வக்கீல் சொல்கிற பதில் மாதிரி இருந்தது.

தன் வயிறு ஆறியதும் வாப்பா அந்த டாக்டருக்கு விளம்பரம் செய்யாத நாளில்லை. இங்கே நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். ஒருத்தனுக்குக் கேட்ட மருந்து ரூமில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். ஊரிலிருந்து ஒருவன் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்தால் மற்றவன் தலைசுற்றலுக்கு அதைக் கேட்டு வாங்குவான். ஆஸ்பத்திரிக்குப் போனால் லீவு போகும், போர்மேனுக்குப் பதில் சொல்லவேண்டும், அதைவிட அலமாரித் தகர டப்பாவில் கைவிடுவது சுலபம். கொடுக்கிறவனும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை, பாசத்தில்தான் கொடுக்கிறான். எனக்கு அந்தப் பாசத்தின் மேல்தான் சந்தேகம். சீன டாக்டராவது கையைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பாசக்காரன் எதையுமே பார்க்க மாட்டான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். சைட்டில் இடுப்பு வலி என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒரு பாய் கொடுத்த மாத்திரை "சூப்பரா கேக்குது உம்மா" என்றாய். எத்தனை நாளாக அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. பிறகு காலை டீயை விட்டாய். இடியாப்பத்துக்குக் குழம்பு வேண்டாம் என்றாய். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டாய். லிஃப்ட் கெட்டிருந்த அன்று படியேறி வந்தவன், பாதியில் உட்கார்ந்துவிட்டாய். உன் உதட்டில் ரத்தமே இல்லை. "டூட்டி டயர்டு" என்றாய். டூட்டிக்குப் போய்வரும் பிள்ளைகளை இந்த பில்டிங்கில் நான் தினமும் பார்க்கிறேன், யாருக்கும் உதடு வெளுத்துப்போகவில்லை.

அப்புறம் அந்த வாடை. வாப்பா குணமாகி மருந்தை நிறுத்திவிட்டார், நானே அந்தக் கஷாயச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் நான் மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது வீடு முழுக்க அதே வாடை. வாப்பா கடையில் இருக்கிறார். அடுப்படி ஜன்னலைத் திறந்துவிட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நீ. சும்மா சுத்தம் செய்கிறேன் என்றாய். பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத பிள்ளை சட்டி கழுவினால் எந்தத் தாய்க்குச் சந்தேகம் வராது? அன்றைக்குத்தான் கேட்டேன், வெளிக்குப் போவது என்ன நிறம் என்று. நினைவிருக்கிறதா, என்ன பதில் சொன்னாய்? "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாய். இல்லை என்று சொல்லவில்லை. இல்லாதவன் இல்லை என்பான், இல்லாவிட்டால் சீ என்பான். யார் சொன்னது என்று கேட்கிறவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

அன்றைக்கே ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் வாப்பாவை நிறுத்திக் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அவன்தான் கேட்டான்மா. போய்ச் சேந்ததும் கம்பெனி மெடிக்கல் இரிக்காம், இங்க ஆஸ்பத்திரில ஏதாச்சும் எழுதிட்டா அன்ஃபிட்டுன்னுருவானாம். அது வரைக்கும் தாங்கட்டும்னு என் பேர்ல வாங்கிக் குடுத்தேன்" என்றார். "கறுப்பா போவுதுன்னு ஒங்கள்ட்ட சொன்னானா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "வயித்து வலின்னுதான் சொன்னான்" என்றார். அவர்மேல் கோபப்படாதே, நான் போதுமான அளவு பட்டுவிட்டேன். மகன் வலிக்கிறது என்றால் தனக்குக் கேட்ட மருந்தைக் கொடுக்கத்தான் எந்த வாப்பாவுக்கும் தோன்றும்.

நேற்று தனியாக பஸ் பிடித்து அந்த டாக்டரிடம் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. மருந்தை என் மகன் குடிக்கிறான் என்று மர்யம் எடுத்துச் சொன்னதும், அந்த மனிதர் மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். நான் பயந்தே போனேன். "பாபா கா பேட் டண்டா, யே கரம் தவா" என்றாள் அவள். வாப்பாவின் வயிறு குளிர்ந்த வயிறாம், அதற்காகச் சூடு தரும் மருந்துகளாகச் சேர்த்திருக்கிறாராம், உன் வயிற்றை அவர் பார்க்கவே இல்லையே என்கிறார். நான் உன் உதட்டைச் சொன்னேன், நீ படியில் உட்கார்ந்ததைச் சொன்னேன், நீ சொல்லாத பதிலையும் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். மெதுவாக ஒரு வார்த்தைதான் சொன்னார், மர்யம் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள்: "அம்மா, ஹாஸ்பிடல். ஜல்தி."

அப்போதும் என் புத்தி சும்மா இருந்ததா? திரும்பி வரும்போது பஸ்ஸில், வருகிற வியாபாரத்தை இந்த ஆள் ஏன் வேண்டாம் என்கிறார், பழி வந்துவிடும் என்று நழுவுகிறாரோ என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஷார்ஜா தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. நழுவினால் நழுவட்டும். விற்கிறவரே கையை எடுக்கிற இடத்தில் வாங்குகிறவர்கள் நாம் என்ன தைரியத்தில் இருக்கிறோம்? குளிர்ந்த வயிறு, சூடான வயிறு என்பதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது, இன்னும் நம்பவும் இல்லை. உன் உதடு வெளுத்திருப்பது எனக்குத் தெரியும்.

உன் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. அன்ஃபிட் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு இந்த வளைகுடா முழுக்க ஆம்பிளைகள் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்காக நீ எவ்வளவு காத்திருந்தாய் என்பதும் தெரியும். ஆனால் யோசித்துப் பார். ஜுபைலில் கேம்ப். ரூமில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஷிஃப்ட். நீ பாத்ரூமில் மயங்கி விழுந்தால் கதவைத் தட்ட யார் இருப்பார்கள்? இருந்தாலும் என்ன செய்வார்கள், அவர்களுடைய டப்பாவிலிருந்து பாசமாக ஒரு மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். வேலை போனால் வாப்பாவின் கடை இருக்கிறது, வேறு கம்பெனி இருக்கிறது. உனக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதை இதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்கு வராது.

நான் நினைப்பதெல்லாம் தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருக்கவேண்டும் என்றுதான் தொழுகையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலையில் பின்தெரு கிளினிக்கில் வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் டெஸ்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வாப்பா கடையைத் திறக்காமல் கூட வருவார். இன்றைக்குச் சோற்றுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாதாம். பொட்டலங்களைக் குப்பையில் கொட்டிவிட்டேன், தேட வேண்டாம்.

உன் பாஸ்போர்ட்டையும் தேட வேண்டாம். அதை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான்தான் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற முதலாளி, உன் கஃபீல் என்று வைத்துக்கொள், திட்டுவதானால் திட்டு. ஆனால் நான் அநியாயக்காரி இல்லை, உனக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் வெளியே வா, ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து, "கறுப்பா போகல உம்மா" என்று ஒரு தடவை சொல். சொன்னால் அந்த நிமிஷமே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.